கடலுக்கு ஜாதகம் பார்த்தவர்

வங்காள விரிகுடாவுக்கு ஜாதகம் கணித்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் இரண்டு வருஷம் குடியிருந்தார்.

எங்கள் ராஜபாளையத்தில் மலை இருக்கிறது, மில் இருக்கிறது, மாம்பழம் இருக்கிறது, ஆளைக் கடிக்கிற வெள்ளை நாய் இருக்கிறது. கடல் மட்டும் கிடையாது. கடலைப் பார்க்க ஆசைப்பட்டால் பஸ் ஏறி திருச்செந்தூருக்கோ தூத்துக்குடிக்கோ போக வேண்டும். அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு மொட்டைமாடியில் உட்கார்ந்துகொண்டு, கடலுக்கு அடியில், அந்தத் தரைக்கும் அடியில் என்ன கிடக்கிறது என்று ஒருவர் சொன்னால் கேட்கிறவனுக்கும் கொஞ்சம் தகுதி வேண்டும். எனக்கு அந்தத் தகுதி இருந்தது.

நான் நான்காம் வகுப்பைத் தாண்டாதவன். பதினாறு வயதில் போர் போடுகிற வண்டியில் சேறு அள்ளப் போனேன். முப்பத்தைந்தில் சொந்தமாக ஒரு ரிக் வண்டி, நாற்பதில் இரண்டு. ஊரில் என்னை 'ரிக் அண்ணாச்சி' என்பார்கள். சோழபுரத்தில் இருந்து கான்சாபுரம் வரை எந்தத் தோட்டத்தில் தண்ணீர் குடித்தாலும், அது பாதிக்குப் பாதி நான் தோண்டிய குழியில் வந்த தண்ணீராக இருக்கும். பூமிக்குள்ளே என்ன இருக்கிறது என்று படித்துத் தெரிந்தவர்கள் பலர். இறங்கித் தெரிந்தவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் அவர் வந்து இறங்கினார். ஐம்பது வயது, சுருட்டை முடி, சட்டைப்பையில் நான்கு பென்சில். கல்யாணம் ஆகவில்லை. சொந்த ஊர் சோழபுரம் பக்கம்தான். வடக்கே எண்ணெய் தேடுகிற ஆபீஸில் வேலை, இப்போது நீண்ட லீவு என்றார். சாமான் என்று பார்த்தால் ஒரு பாய், ஒரு ஸ்டவ், ஆள் உயரத்துக்கு அடுக்கிய முப்பது நாற்பது காகிதச் சுருள்கள். ஒரு சுருளை எடுத்து மொட்டைமாடியில் விரித்தார். மாடி முடிந்தது, காகிதம் முடியவில்லை. படிக்கட்டில் உருண்டு இறங்கி, வாசலில் நின்ற என் ரிக் வண்டியின் டயரில் போய் முட்டி நின்றது. அதில் எழுத்தே இல்லை. எறும்பு வரிசை போல நெளிநெளியாகக் கோடு. அவர் கையில் லென்ஸோடு மண்டிபோட்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார்.

துணி காயப்போட வந்த என் மனைவி அதைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "என்னங்க, மாடிக்கு வந்தவிய ஜோசியரு போல. யாருக்கோ பெரிய ஜாதகம் பாக்காவ. அம்புட்டு நீளம் இருக்குன்னா அது ராஜா ஜாதகமாத்தான் இருக்கும்."

யார் ஜாதகம் சார் என்று நானே மேலே போய்க் கேட்டேன். கடலுடையது என்றார். மறுநாள் தெருவுக்கே அவர் 'கடல் ஜோசியர்'.

பேர் வைத்தால் சும்மா விடுவார்களா. பக்கத்துத் தெருவில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம் வைத்திருந்த ஒருவர், மகள் ஜாதகத்தைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"சார், பிள்ளைக்கு இருபத்தாறு ஆயிருச்சு. எப்ப முடியும்னு பாத்துச் சொல்லணும்."

"அது எனக்குத் தெரியாதுங்க. எனக்குக் கடல் மட்டும்தான் தெரியும்."

"அப்ப கடல் தாண்டித்தான் முடியும்கியளா?"

"நான் அப்படிச் சொல்லலயே."

"போதும் சார். இதுக்கு மேல என்ன சொல்லணும்."

ஆறு மாதத்தில் அந்தப் பெண்ணுக்கு சிங்கப்பூர் மாப்பிள்ளை அமைந்தது. அதன் பிறகு வாரத்துக்கு நாலு பேர் தட்டோடு மாடிப்படி ஏறினார்கள். அவர் எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொல்லுவார். எல்லோரும் சந்தோஷமாகவே இறங்கிப் போவார்கள்.

எனக்கு மட்டும் அவர் உண்மையைச் சொன்னார். கடலில் ஒரு கப்பல் போகும். அது காற்றை அழுத்தி வைத்துத் தண்ணீருக்குள் 'டப்' என்று வெடிக்கும். பத்து நொடிக்கு ஒரு தடவை வெடித்துக்கொண்டே போகும். அந்தச் சத்தம் கடல் தரையில் பட்டுத் திரும்பும். கொஞ்சம் உள்ளே போய், அடுத்த அடுக்கில் பட்டும் திரும்பும். கப்பலுக்குப் பின்னால் மைல் கணக்கில் ஒரு வயர் வாலைப் போல இழுபடும். அந்த வயர் முழுக்கக் காது. திரும்பி வருகிற சத்தத்தை எல்லாம் அது கேட்டு டேப்பில் ஏற்றும். அதைக் காகிதத்தில் அடித்தால் இந்தச் சுருள்.

"எண்ணெய் தேடத்தான் இந்தப் படத்தை எடுத்தாங்க அண்ணாச்சி. எண்ணெய் இல்லன்னு ஒதுக்கிட்டாங்க. நான் இதுல வேற ஒண்ணைத் தேடுறேன். ஐஸ்."

"கடலுக்கு அடியிலயா?"

"தரைக்குக் கீழ, மண்ணோட மண்ணா. ஆழ்கடல்ல குளிரும் அழுத்தமும் சேர்ந்து, தண்ணி ஐஸ் மாதிரி உறையும். உறையும்போது எரிவாயுவையும் உள்ள பூட்டிக்கிடும். எடுத்துப் பத்த வச்சா எரியும்."

நான் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புகிறவன் இல்லை. ஐஸ் கம்பெனியில் இருந்து ஒரு பாளத்தைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவரச் செய்து, வாசலில் வைத்து, தெரு பார்க்கத் தீக்குச்சி உரசினேன். ஒரு பெட்டி தீக்குச்சி தீர்ந்தது. கால் நனைந்தது. ஜோசியர் மாடியில் இருந்து எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, அதுக்குள்ள வாயு இருந்தாத்தான் எரியும். அது சும்மா ஐஸ்," என்றார். வெயில் காலம், எப்படியும் தேவைப்பட்டது என்று நான் பாளத்தை உடைத்துத் தெருவுக்கே மோர் கொடுத்தேன். அதற்காகத்தான் வாங்கியதாக இன்றைக்கும் ஊர் நம்புகிறது.

எதைக் கண்டாலும் தட்டிப் பார்ப்பது அவருடைய வழக்கம். சுவர், பலாப்பழம், தண்ணீர்த் தொட்டி, ஒரு தடவை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் வயிறு. தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். கல்யாண மண்டபத்துக்குப் போனால் வாசலில் நின்று ஒரு கைதட்டு தட்டி, எதிரொலி வந்த பிறகுதான் உள்ளே நுழைவார். தாலி கட்டுவதற்கு முன்னாலேயே யாரோ கை தட்டுகிறார்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் என் தொழிலிலேயே என்னோடு மோதினார். எங்கள் பின்வாசலில் பழைய போர் ஒன்று உண்டு. தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று பேச்சு வந்தது. நான் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக் காதைக் கொடுத்தேன்.

"இருநூத்தி எண்பது அடி. எழுதி வச்சுக்கிடுங்க சார்."

அவர் குழாய் வாயில் குனிந்து ஒரு தட்டு தட்டினார். எதிரொலி வந்தது. அந்த எதிரொலி வருகிற கணத்தில் அடுத்த தட்டு. அப்படியே ஒன்றோடு ஒன்று சேர்கிற மாதிரி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் முழுக்கத் தட்டினார். பஜனை என்று நினைத்துப் பக்கத்து வீட்டில் இருந்து இரண்டு பேர் வந்துவிட்டார்கள். கணக்குப் போட்டு, "முந்நூத்திப் பத்து," என்றார்.

நான் நீல நைலான் கயிற்றை இறக்கினேன். மோட்டார் இறக்குகிற கயிறு அது. அளவுக்காகப் பத்தடிக்கு ஒரு முடிச்சு போட்டு வைத்திருப்பேன். முப்பத்தோராவது முடிச்சு உள்ளே போகும்போது தண்ணீரில் தொட்டது.

"நைலான் இழுபடும் சார்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கயிற்றைக் கையில் எடுத்து முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னுடைய முடிச்சில் நுனி வெளியே தெரியாது. இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளுக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

"இதை யாரு கத்துக் குடுத்தாங்க அண்ணாச்சி?"

"யாரும் இல்ல. நானே கண்டுபிடிச்சது."

"வேற யாரும் இப்படிப் போடுவாங்களா?"

"இந்தத் தாலுகாவுல எவனுக்கும் வராது சார். என் வண்டி ஆளுகளுக்கே வராது. முடிச்சைப் பாத்தாலே, ரிக் அண்ணாச்சி கைன்னு சொல்லிருவான்."

அப்படிச் சொன்னவன் நான்தான். அதை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் லீவில் வந்த கதை எனக்கு மலையடிவாரத்தில்தான் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஜீப்பில் போயிருந்தோம். பாறைக்கு எதிரே நின்று கூப்பிடச் சொன்னார். நான் "ஏலே" என்றேன். எனக்குக் குரல் உண்டு. பாறை ஒரு தடவை "ஏலே" என்றது. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு "ஏலே" சன்னமாக வந்தது.

"ரெண்டாவது ஏலே எங்க இருந்து வருது? பின்னால இருக்கிற வேற மலையா? இல்ல, இதே பாறை அங்கயும் இங்கயும் மோதி மறுபடியும் சொல்லுதா? அதுதான் அண்ணாச்சி என் சண்டை."

அவர் சுருள்களில் ஒன்றே ஒன்றில், கடல் தரைக்குக் கீழே, தரையைப் போலவே மேடு பள்ளத்தோடு ஒரு கோடு ஓடியது. மற்ற அடுக்குகளை எல்லாம் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. கீழே போகப் போக பூமி சூடு. ஆகவே தரையில் இருந்து ஏறக்குறைய ஒரே ஆழம் வரைக்கும்தான் ஐஸ் நிற்கும். தரை ஏறினால் ஐஸின் அடிமட்டமும் ஏறும், இறங்கினால் இறங்கும். ஐஸுக்குள் சத்தம் வேகமாக ஓடும். அடியில் சும்மா கிடக்கிற வாயுவுக்குள் தளர்ந்துவிடும். கெட்டியில் இருந்து இளக்கத்துக்குப் போகிற இடம் என்பதால் எதிரொலி தலைகீழாகத் திரும்பும். காகிதத்தில் கடல் தரை முதலில் கறுப்பாகவும் பிறகு வெள்ளையாகவும் விழும். இந்தக் கோடு முதலில் வெள்ளை, பிறகு கறுப்பு. இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. பாறையைக் குடைகிற பிட்டு திடீரென்று களிமண்ணில் விழுந்தால் என் ரிக் வேறு குரலில் கத்தும். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ஆனால் அவர் ஆபீஸில், அது இரண்டாவது 'ஏலே' என்று தள்ளிவிட்டார்கள். தரையின் எதிரொலியே மறுபடி மோதித் திரும்பி வந்தது என்றார்கள். அப்படி இருந்தால் மேடு பள்ளம் இரண்டு மடங்காகத் தெரியும், இதில் தெரியவில்லையே என்று இவர் டிரேசிங் பேப்பரில் வரைந்து காட்டினார். 'வரைந்தது உங்கள் கை, கடல் அல்ல' என்று பதில் வந்தது. கூட்டத்தில் இவர் மேசையைத் தட்டியிருக்கிறார். தட்டுவதுதான் வழக்கமாயிற்றே. லீவில் போகச் சொல்லிவிட்டார்கள். அசல் டேப் ஏதோ ஒரு ஸ்டோர் ரூமில் கிடக்கிறது. அதை எடுத்துப் புதுக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க ஒரே ஒரு கையெழுத்து வேண்டும். அதைப் போட வேண்டிய அதிகாரி, ஒரு காலத்தில் இவரிடம் உதவியாளராக இருந்தவர். அந்த ஸ்டோர் ரூமையும் காலி செய்யப்போவதாகப் பேச்சு. டேப் போனால் கோடு போச்சு. கோடு போனால் இருபது வருஷம் போச்சு.

இரண்டாவது வருஷம் ஆடி மாதம் அந்த அதிகாரியிடம் இருந்து கடுதாசி வந்தது. ஆடிப்பூரத் தேருக்கு மாமியாரைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிறாராம். தேர் பார்த்துவிட்டு, சாயங்காலம் நாலு மணிக்கு அரைமணி நேரம் எங்கள் வீட்டுக்கு வந்து அந்தச் சுருளைப் பார்ப்பாராம். அதோடு இந்த விஷயத்தை முடித்துக்கொள்ள வேண்டுமாம்.

ஜோசியர் அன்று சாப்பிடவில்லை. என் மனைவி, "அவியளுக்குப் பொண்ணு பாக்க வாராவளா, இப்படி வேர்க்குது?" என்று கேட்டாள்.

தேருக்கு இரண்டு நாள் முன்னால், பெரிய லென்ஸ் வாங்க அவர் மதுரைக்குப் போனார். மேலே இருந்து ஒரு ஆபீசர் வருகிறார், வருவது என் வீட்டுக்கு. மாடி அறை மாட்டுக்கொட்டகை போலக் கிடந்தால் யாருக்கு அவமானம்? வெள்ளையடிக்க ஆள் விட்டேன். சுருள்களை நானே பிரித்தேன். பளபளவென்று கசங்காமல் இருந்ததை எல்லாம் டிரங்குப் பெட்டியில் அழகாக அடுக்கினேன். ஒன்று மட்டும் ஓரமெல்லாம் கிழிந்து, டீ சிந்தி, நுனியில் பேண்டேஜ் துணி வைத்துப் பசை போட்டு ஒட்டியிருந்தது. அதையும் பழைய பேப்பரோடு சேர்த்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, தெருவில் வந்த பழைய பேப்பர்க்காரரிடம் தூக்கிப் போட்டேன்.

ஒரு மனிதன் தினமும் தொடுகிற சாமான்தான் கிழிந்து கிடக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. என் முதல் ரிக் வண்டியின் சீட்டே அப்படித்தான் இருந்தது. அந்த நேரத்தில் தோன்றவில்லை.

தேர் அன்று காலையில் அவர் திரும்பி வந்து டிரங்கைத் திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசியில் காலிப் பெட்டியின் அடியைத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அந்தக் கிழிஞ்சது?"

நான் வாழ்க்கையில் பொய் சொன்னதே கிடையாது என்று சொன்னால் அது இரண்டாவது பொய் ஆகிவிடும். "வெள்ளையடிக்க வந்த பயலுவ எடுத்துப் போட்டிருப்பானுவ சார்," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. படியில் உட்கார்ந்தார். அந்த மனிதர் எதையும் தட்டாமல் உட்கார்ந்திருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கையைப் பிடித்து அவரை எழுப்பினேன். ஜீப்பை எடுத்தேன்.

பேப்பர்க்காரர் கடையில் கேட்டால், "அதுவா அண்ணாச்சி, வில்லிபுத்தூர் பால்கோவாக் கடைக்குப் போயிருச்சு. தேருக் கூட்டம்லா. மடிக்கத் தாளு கேட்டாவ," என்றார்.

அந்தக் காலத்தில் உள்ளே ஒரு இலைக்கீற்று வைத்து, வெளியே தாளில் மடித்து, நூல் சுற்றித்தான் கொடுப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் அன்றைக்கு ஜீப் நுழையவா முடியும். கடைவீதிக்கு வெளியே நிறுத்திவிட்டு, கூட்டத்துக்குள் நீந்திப் போனோம். கடை மாஸ்டர் ஒரு கையால் கிண்டிக்கொண்டு மறு கையால் எடை போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் எங்கள் கடல், ஒரு அடிக்கு ஒரு அடி சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

"நல்ல கெட்டித் தாளு அண்ணாச்சி," என்றார் மாஸ்டர். "ஒரு பக்கம் பளிச்சுனு வெள்ளை. மறுபக்கம் எறும்பு ஊர்ந்தாப்ல கோடு. துணி ஒட்டுன பக்கத்தை மட்டும் கிழிச்சுப் போட்டுட்டேன்."

ஜோசியர் அடுக்கை எடுத்து, சீட்டுக்கட்டைப் பார்க்கிற மாதிரி வேகமாகப் புரட்டினார். மூன்றடி அகலமான சுருள் மூன்று வரிசையாக வெட்டப்பட்டிருந்தது. மேல் வரிசையில் கடல் தரை, நடு வரிசையில் அந்தக் கோடு. கோட்டில் ஒரு பெரிய மேடு வருகிற தாள் இருந்தது. அதற்கு நேர் மேலே கடல் தரையின் மேடு இருக்கிற தாளைக் காணோம். அது இல்லாவிட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

"காலையில மொதல்ல போனது வன்னியம்பட்டிக்காரங்களுக்கு. டிராக்டர்ல வந்திருக்காவ. திருமுக்குளத்துக் கரையில உக்காந்திருப்பாவ," என்றார் மாஸ்டர்.

வெட்டாமல் மிச்சம் கிடந்த கட்டையும் கொடுத்தார். ஜோசியர் குனிந்து, கட்டைச் சுற்றியிருந்த கயிற்றை மெதுவாக உருவி எடுத்துப் பைக்குள் வைத்தார். இந்த அவசரத்தில் கயிற்றுக்கு ஆசைப்படுகிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

குளத்தங்கரையில் வன்னியம்பட்டி டிராக்டர் நின்றது. பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு அம்மாள், மடியில் பால்கோவாப் பொட்டலங்கள்.

"அம்மா, அந்தத் தாளு மட்டும் வேணும். வேற தாளுல மடிச்சுத் தாரோம்," என்றேன்.

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க ரிக் அண்ணாச்சிதான?"

ஊருக்கு ஊர் என்னைத் தெரியும் என்பதில் எனக்கு ஒரு பெருமை. "ஆமா," என்றேன்.

"எங்க தோட்டத்துல மூணு நாளு தோண்டுனிய. புழுதிதான் வந்துச்சு."

வட்டத்தில் எல்லோரும் சாப்பாட்டை நிறுத்தினார்கள்.

"அது பூமி வாகும்மா. நான் என்ன செய்ய."

"அண்ணைக்குத் தண்ணி கேட்டோம், புழுதி குடுத்திய. இண்ணைக்குத் தாளு கேக்கிய, நாங்க என்ன குடுக்கட்டும்?"

ஒரு கிழவர் பக்கத்தில் இருந்து, "புழுதியக் குடுத்தா," என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். ஜோசியர் மட்டும் சிரிக்காமல் அந்த மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி பன்னிரண்டு. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இன்னொரு போர் சும்மா போட்டுத் தாரேன்," என்றேன்.

"எப்ப?"

"தேரு முடிஞ்ச மறுநாளு."

"தண்ணி வராட்டி?"

"வர்ற வரைக்கும் போடுதேன்."

ஜோசியர் திரும்பி என்னைப் பார்த்தார். வெள்ளையடிக்க வந்தவர்கள் செய்த தப்புக்கு வீட்டுக்காரன் ஏன் இலவசமாக ஒரு போர் போட வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

அந்த அம்மாள் பொட்டலங்களை நீட்டினாள். அதற்கும் ஒரு நிபந்தனை. தாளில் ஒட்டியதை வழித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பிறகுதான் எடுக்க வேண்டும். செத்த நேரம் காத்திருந்தோம். மூன்று பிள்ளைகள் வங்காள விரிகுடாவை நக்கிச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். அந்த மேட்டுத் தாளும் கிடைத்தது. காலையில் இருந்து நெய் ஊறி, கண்ணாடி போல ஆகியிருந்தது. அந்தப் பக்கம் என் விரல் தெரிந்தது.

நாலு மணிக்கு அதிகாரி பட்டு வேட்டியோடு வந்தார். கீழே காரில் மாமியார் காத்திருந்தார். மாடியில் நாங்கள் சதுரங்களை வரிசை பார்த்து அடுக்கி, காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் என் வீட்டு டம்ளர்களைக் கவிழ்த்து வைத்திருந்தோம். பதினெட்டு டம்ளர். அறை முழுக்கப் பால்கோவா வாசனை.

"என்ன சார் இது?" என்றார் அதிகாரி. "லைனைக் காட்டுறேன்னீங்க. ஸ்வீட் ஸ்டால் காட்டுறீங்க."

"ஒரு சின்ன விபத்து நடந்துபோச்சு," என்றார் ஜோசியர். என் பக்கம் திரும்பவில்லை.

"பாருங்க சார், உங்க மேல எனக்கு இன்னும் மரியாதை இருக்கு. ஆனா இதை வச்சு நான் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்? நல்ல காகிதத்துலயே யாரும் நம்பல."

டிரேசிங் பேப்பரை எடுக்கப் போன ஜோசியரின் கை பாதியில் நின்றது. எத்தனை தடவை காட்டியதோ.

அதிகாரி குனிந்து, அந்த நெய்த்தாளை இரண்டு விரலால் ஓரமாகத் தூக்கினார். விரலில் பிசுபிசுத்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, கிடைத்த இடத்தில் தொப்பென்று போட்டார். அது கீழ்த்தாளின் மேல் விழுந்து ஒட்டிக்கொண்டது. விரலைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தவர், எடுத்தபடியே நின்றார்.

நெய் ஊறிய தாள் வழியாகக் கீழ்த்தாள் அப்படியே தெரிந்தது. மேல்தாளில் கடல் தரையின் மேடு. கீழ்த்தாளில் அந்தக் கோட்டின் மேடு. அவர் மண்டிபோட்டார். பட்டு வேட்டியில் நெய் படுவதைக் கவனிக்கவில்லை. மேல்தாளை ஒரு விரலால் கொஞ்சம் மேலே தள்ளினார், கொஞ்சம் இடது பக்கம். மேட்டின் மேல் மேடு உட்கார்ந்தது. சரிவின் மேல் சரிவு. இரண்டு மடங்காக இல்லை, ஒன்றுக்கு ஒன்று. மேலே கறுப்பு ஓடிய இடத்துக்கு நேர் கீழே வெள்ளை, வெள்ளைக்கு நேர் கீழே கறுப்பு.

கீழே காரில் ஹாரன் அடித்தது. யாரும் அசையவில்லை.

"இது யார் கையும் வரையலயே," என்றார் அதிகாரி.

"இல்ல," என்றார் ஜோசியர். "கத்தரிக்கோல் பட்டது. அவ்வளவுதான்."

"இத்தனை வருஷமா ஏன் சார் நீங்க இதை வெட்டி வச்சுப் பாக்கல?"

"ஒரே காப்பி. வெட்ட மனசு வரல."

நான் அப்போது குறுக்கே பேசினேன். பேசாமல் இருக்க என்னால் முடியாது. "சார், நானும் முப்பது வருஷமா பூமியத் தோண்டுறவன். இது ரெண்டாவது ஏலே இல்ல. தனி ஏலே," என்றேன். அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஜோசியர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

அந்த இரண்டு தாளையும் ஒட்டியபடியே பால்கோவா அட்டைப்பெட்டியில் வைத்து அதிகாரி கொண்டுபோனார். ஸ்டோர் ரூமில் டேப் இருந்தது. கையெழுத்து விழுந்தது. நான்கு மாதம் கழித்துக் கடுதாசி வந்தது. புதுக் கம்ப்யூட்டரில் ஓட்டியதில் கோடு இன்னும் தெளிவாக, தலைகீழாக, அடுக்குகளை வெட்டிக்கொண்டு ஓடுகிறதாம். அந்த இடத்தில் மேற்கொண்டு தேட ஒரு குழு போடுகிறார்களாம். ஜோசியர் உடனே வந்து சேர வேண்டுமாம்.

வன்னியம்பட்டியில் நான் சொன்ன வார்த்தை தவறவில்லை. இரண்டு இடத்தில் புழுதி வந்தது. மூன்றாவது இடத்தை ஜோசியர் காலால் தட்டிக் காட்டினார். அங்கே வந்த தண்ணீர் இன்றைக்கும் வருகிறது. அந்த இடத்தை நான் தேர்ந்தெடுத்ததாக ஊரில் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை.

அவர் புறப்பட்ட அன்று, மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். தெருவே வந்திருந்தது. தறிக்கூடத்துக்காரர், மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று தட்டோடு வந்து நின்றார். அத்தனை பேர் முன்னால் நான், "சார், நம்ம வீட்டுல ஒரு தூசி துரும்பு கூட வீணாப் போகாது. அந்தப் பயலுவ எடுத்துப் போட்டதையே தேடிக் கண்டுபிடிச்சோம்லா," என்றேன்.

"உங்களை மாதிரி ஆள் கிடைக்கணும் அண்ணாச்சி," என்று அவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். "இது உங்களோடது," என்று மெல்லச் சொன்னார். பால்கோவா என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து பிரித்தேன். இரண்டு முழ நீலக் கயிறு. நடுவில் நுனி தெரியாத முடிச்சு, போட்டது போட்டபடி இருந்தது.

கடைவாசலில் குனிந்தபோதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதன் பிறகு நாலு மாதம் என் வீட்டில் இருந்தார், என்னோடு ஜீப்பில் வந்தார், என் மனைவி கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டார். ஒரு நாள், ஒரு பார்வையில் கூடக் காட்டவில்லை.

அந்தக் கயிறு என் படுக்கைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. என்னைத் தவிர யாராலும் அவிழ்க்க முடியாத முடிச்சு அது. நானும் அவிழ்க்கவில்லை.